தெரியாதுன்னு சொல்லு

பிப்ரவரி 3, 1949

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

முட்டைக்காரர் கூடையின் அடியில் வைத்து இதைக் கொண்டுவருவார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள். தபாலில் எதுவும் வேண்டாம். யார் பெயரையும், எந்த ஊரையும் எழுத வேண்டாம்.

அன்று வாசலிலேயே குழந்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்ததால் ஒன்றும் பேச முடியவில்லை. கட்சி தடைசெய்யப்பட்ட நாளிலிருந்து என் பெயரில் வாரண்ட் இருக்கிறது. ஆலை வாசலில் இவளுடைய அப்பா சுடப்பட்டபின் என் அம்மா வீடு, அவர் வீடு, என்னோடு படித்தவர்கள் வீடு என்று எல்லா இடத்திலும் போலீஸ் கண் வைத்திருக்கிறது. அதனால்தான் எனக்கு எந்த உறவும் இல்லாத ஒரு வீட்டைக் கமிட்டி தேர்ந்தெடுத்தது. உங்கள் கணவர் கட்சிக்காரர் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. அந்தத் தெருவுக்கும் நீங்கள் புதிது.

இனி அவள் உங்கள் மகள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். உங்களை அம்மா என்றுதான் அவள் அழைக்க வேண்டும். இத்துடன் என் புகைப்படம் ஒன்று இருக்கிறது. நினைவுக்காக அனுப்பவில்லை. போலீஸ் கையில் இருப்பதும் இதே படம்தான். அதைக் காட்டி, இது யார் என்று அவளிடம் அடிக்கடி கேளுங்கள். தெரியாது என்று சொல்லப் பழக்குங்கள். நான்கு வயதுக் குழந்தை ஒரு வார்த்தை உளறினால் ஆறேழு பேர் மாட்டுவார்கள். உங்கள் கணவரும் அதில் ஒருவர்.

இது கமிட்டியின் முடிவு. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நானும் கை தூக்கினேன்.

தோழமையுடன்.


பிப்ரவரி 20, 1949

தோழர் அவர்களுக்கு,

கடிதத்தை எரித்தாயிற்று. அதற்கு முன்னால் எங்கள் வீட்டு மனுஷர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "எவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்க பாரு" என்றார். தெளிவுக்கு என்ன குறைச்சல்! டாக்டர் எழுதுகிற மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் பிள்ளை என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எப்படித் தூங்கும் என்று ஒரு வரி கிடையாது. உங்கள் கமிட்டியில் பிள்ளை பெற்றவர்கள் வேறு யாரும் இல்லையா?

பக்கத்தில் படுத்திருப்பவர் காதைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? முதல் வாரம் முழுக்க விளக்கை அணைத்ததும் அழுகை. பால் கொடுத்தேன், கதை சொன்னேன், அதட்டினேன், கடைசியில் நானும் சேர்ந்து அழுதேன். அப்புறம் ஒருநாள் தற்செயலாக அவள் கை என் காதில் பட்டது. பிடித்துக்கொண்டு அப்படியே அடங்கிவிட்டாள். இப்போது என் இடது காது எனக்குச் சொந்தமில்லை.

நான் ஒரு கடைக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிறவள். வந்த அன்றே பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். பெயரைத்தான் சொல்லக் கூடாதே, அதனால் வாலு என்று கூப்பிடுகிறேன். அது பொருத்தமாகவும் இருக்கிறது.

படத்தைக் காட்டினேன். "அம்மா!" என்று பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மேற்கொண்டு எதையும் பழக்க என்னால் ஆகவில்லை. மறுநாள் மிட்டாய் வாங்கி வந்தேன். தெரியாது என்று சொன்னால் ஒரு மிட்டாய். பிள்ளைதானே, பிடித்துக்கொண்டாள். இப்போது படத்தை எடுத்தாலே "தெரியாது" என்கிறாள். கண் மட்டும் படத்தை விட்டு நகருவதில்லை. அதை எப்படி மாற்றுவது என்று உங்கள் கமிட்டியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போன எனக்கு, வீட்டில் ஒரு பிள்ளை ஓடுவது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா (நீங்கள் சொன்னபடி)


அக்டோபர் 14, 1949

அக்கா,

எட்டு மாதம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். மூன்று முறை இடம் மாறினேன். இப்போது மாவு அரைக்கும் இடத்துக்கு மேலே ஓர் அறை. பகலெல்லாம் தரை அதிர்கிறது. அந்தச் சத்தத்தில் தட்டச்சு செய்தால் வெளியே கேட்காது என்பதற்காகவே இதைப் பிடித்தார்கள். துண்டறிக்கைக்கு ஸ்டென்சில் வெட்டுகிறேன். என் தலை, இமை, தேநீர்க் கோப்பை எல்லாம் மாவு. இருமினால் பனி கொட்டுகிறது.

செய்தி உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். உலகத்திலேயே மக்கள்தொகை மிகுந்த நாடு நம் பக்கம் வந்துவிட்டது! போரின்போது ஒரு நாடுதான் இருந்தது. இப்போது எண்ணினால் உலகில் மூன்றில் ஒரு மனிதர் செங்கொடியின் கீழ் இருக்கிறார். கீழே மாவு அரைப்பவருக்குக்கூடச் சொல்ல முடியாமல் நான் மட்டும் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன். இதே வேகத்தில் போனால் ஐந்து வருடத்தில் இங்கேயும் முடிந்துவிடும். அப்போது வாலுவுக்கு ஒன்பது, பத்து வயதுதான் ஆகியிருக்கும். இழந்த காலம் அவ்வளவொன்றும் பெரிதில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். இடிக்குப் பயப்படுவாள். வெங்காயம் சாப்பிட மாட்டாள். காது விஷயம் எனக்குத் தெரியும். எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வரியை எழுதினால் கடிதம் முடியாது என்று விட்டுவிட்டேன்.


ஜூன் 9, 1950

தோழர் அவர்களுக்கு,

வந்தார்கள். பகல் சாப்பாட்டு நேரம். எங்கள் மனுஷர் வேலை பார்க்கிற இரும்புப் பட்டறையில் யாரோ அவரைப் பற்றிக் காற்றுவாக்கில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். பெட்டி, படுக்கை, அரிசி டின் எல்லாவற்றையும் கொட்டிக் கலைத்தார்கள். தையல் மிஷின் இழுப்பறையை மட்டும் ஒருவன் திறந்து, எண்ணெய்த் துணியைப் பார்த்து முகம் சுளித்து மூடிவிட்டான். அந்தத் துணிக்கு அடியில்தான் உங்கள் படமும் கடிதங்களும் இருந்தன. ஆமாம், எரிக்கவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பிள்ளை, என்னைப் பெற்றவள் யார் என்று கேட்டால் காட்ட என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

போகிற நேரத்தில் பெரிய அதிகாரி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, தான் கொண்டுவந்திருந்த உங்கள் படத்தை நீட்டினார். பாசமாகத்தான் கேட்டார். "இது யாரு பாப்பா? சொன்னா மாமா உன்னை ஜீப்ல கூட்டிட்டுப் போறேன்."

ஜீப் என்றால் உயிர் அவளுக்கு. படத்தைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள். "தெரியாது. எங்கம்மா இவங்கதான்" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை கண் படத்தின் மேல் நிற்கவே இல்லை. கணக்குச் சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

ஜீப் திரும்பிப் போன சத்தம் அடங்கும் வரை நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. அப்புறம் அவள் கையை நீட்டினாள். "சரியாச் சொன்னேனா? மிட்டாய் குடு."

கொடுத்தேன். பெற்றவளை மறுப்பதற்கு மிட்டாய் கொடுத்த பாவம் எந்தப் புரட்சியில் கழியும் என்று எனக்குத் தெரியவில்லை. பிழைத்தோம், அது நிஜம்.


ஆகஸ்ட் 2, 1950

அக்கா,

உங்கள் கடிதத்தின் சாரத்தைக் கமிட்டிக்குச் சொன்னேன். முன்மாதிரி என்று பாராட்டினார்கள். மற்ற வீடுகளிலும் பிள்ளைகளை இப்படித்தான் பழக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

என்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். புரட்சி முதலில் வென்ற நாட்டில் நம் மொழிக்கு நூல்களைப் பெயர்க்கும் வேலை. மறுக்கலாம் என்றும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. இங்கே இருந்தாலும் அவளைப் பார்க்க முடியாது, அங்கே இருந்தாலும் முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.


மார்ச் 15, 1953

தோழர் அவர்களுக்கு,

தடை போய் ஒரு வருடம் ஆகிவிட்டதால் தபாலில் போடுகிறேன். இத்தனை முத்திரை ஒட்டிய உறையை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

உங்கள் பெரிய தலைவர் போய்விட்டார் என்று ரேடியோவில் கேட்டதும் எங்கள் மனுஷர் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் அம்மா செத்தபோதுகூட இப்படி அழவில்லை. சத்தம் வெளியே கேட்கப் போகிறது என்று நான் ஜன்னலைச் சாத்தினேன். தடை போனால் என்ன, பட்டறை முதலாளிக்கு இவர் கட்சி என்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் இன்னும் எல்லாம் கிசுகிசுதான். வாலு வந்து என் காதில், "அப்பா யாருக்காக அழறாரு? நம்ம சொந்தமா?" என்று கேட்டாள். பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் என்று சொல்லிவைத்தேன்.

எட்டு வயது. வகுப்பில் கணக்கில் முதல். யாரையும் வீட்டுக்குக் கூட்டி வரமாட்டாள். கூச்ச சுபாவம் என்று வாத்தியாரம்மா சொல்கிறார். ஆறு வயதிலேயே என் காதை விட்டுவிட்டாள். பாதித் தூக்கத்தில் என் கை என் காதைத் தேடுகிறது, இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு எழுதச் சொன்னார் அவர். எழுதிவிட்டேன்.


மே 30, 1953

அக்கா,

இன்னும் மூன்று வருடம் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். ஆள் இல்லை, நூல்கள் குவிந்து கிடக்கின்றன. ஒப்புக்கொண்டேன். தலைவருடைய இறுதி ஊர்வலத்தில் நின்றேன், கால் மரத்துப்போயிருந்தது. இத்தனை பேர் அழும்போது நாம் போகும் வழி சரிதான் என்று தோன்றியது.

வாலு கணக்கில் முதல் என்று எழுதிய வரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு நண்பரின் மகள் என்று சொன்னேன். பழக்கம்.


ஜூலை 8, 1956

அக்கா,

இதை மூன்றாம் முறையாக எழுதுகிறேன். ஊருக்குப் போகும் ஒரு மாணவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே சில மாதங்களுக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் அறிக்கையை வாசித்தார்கள். குறிப்பெடுக்கக் கூடாது என்றார்கள். யாருக்காக உங்கள் கணவர் அழுதாரோ, நான் கால் மரக்க நின்றேனோ, அவர் காலத்தில் குற்றமற்ற தோழர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள் என்பது அதன் சாரம். கட்சியே சொல்கிறது, எதிரி சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் நாங்கள் எழுந்து போய் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் படியிறங்கினோம்.

எனக்கு எதிர் மேஜையில் ஒரு பெண்மணி இருக்கிறார். ஐம்பது வயது. எங்கள் பிரதிகளைச் சரிபார்ப்பவர். போகிற இடத்தில் எல்லாம் காற்புள்ளி போடுவதால் காற்புள்ளி அம்மா என்று நாங்கள் கேலி செய்வோம். பதினெட்டு வருடத்துக்கு முன் அவர் கணவரைப் பிடித்துப் போயிருக்கிறார்கள். வேலையும் மகனும் கையை விட்டுப் போகாமல் இருக்க, ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, "அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது, நான் கண்டது வேஷத்தைத்தான்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா இல்லை என்று சொல்ல மகனுக்கும் பழக்கியிருக்கிறார். போன மாதம் அரசாங்கத்திலிருந்து தாள் வந்தது. கணவர் குற்றமற்றவராம். இறந்தும் வெகுகாலம் ஆகிறதாம். அதை மகனிடம் நீட்டியிருக்கிறார். இருபத்தைந்து வயது மகன் படித்துப் பார்த்துவிட்டு, "எந்த அப்பா?" என்று கேட்டானாம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடித்தார். நான் கழிப்பறைக்குப் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் என்னிடம் கேட்கவே இல்லை, உனக்குக் குழந்தை உண்டா என்று. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கட்சி பொய் என்று நான் எழுதவில்லை. ஆலை வாசலில் வாலுவின் அப்பா எதற்காக நின்றாரோ அது பொய்யில்லை, அந்தக் கூலியும் அந்தத் துப்பாக்கியும் பொய்யில்லை. ஆனால் என் பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று யோசித்தால் கை வேலையில் நிற்கவில்லை. சோர்ந்துவிட்டேன், அக்கா. டிசம்பரில் வருகிறேன். என் மீதான வழக்கும் இப்போது இல்லை. அவளிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் கடிதங்களையும் நான் எரிக்கவில்லை.


ஆகஸ்ட் 25, 1956

அம்மாடி,

இனிமேல் தோழர் என்று எழுதப் போவதில்லை. எட்டு வருடமாக ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி வளர்த்துவிட்டு நீங்க, வாங்க என்று என்ன வேண்டியிருக்கிறது?

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அந்த அறிக்கையைப் பற்றி இங்கேயும் பேச்சு வந்துவிட்டது. எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று முதலில் கத்தினார். இப்போது கத்துவதில்லை. வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவர் இரும்பை உருக்கிக் கழித்த முப்பது வருடத்துக்கும் அது ஒன்றுதான் அர்த்தம். அதையும் நான் பிடுங்க வேண்டாம்.

வருகிறேன் என்கிறாய். பெற்றவள் வருகிறாள் என்றால் கதவைச் சாத்தவா முடியும்? உன் கடிதம் வந்த அன்று முழுக்க, அடிமடியிலேயே கை வைக்க வருகிறாள் என்று வாய்விட்டுத் திட்டினேன். அப்புறம் காற்புள்ளி அம்மா பகுதியை மறுபடி படித்தேன். திட்ட முடியவில்லை.

நேற்று அவளை உட்கார வைத்து உன் படத்தை எடுத்தேன். "இது உன்னைப் பெத்த அம்மா, டிசம்பர்ல வர்றாங்க" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். படத்தைப் பார்க்கவில்லை.

"தெரியாது. எங்கம்மா நீங்கதான்" என்றாள்.

"இல்லடி, இது நிஜம். பரீட்சை இல்ல."

"தெரியாதும்மா" என்று மறுபடி சொல்லிவிட்டு எழுந்து போய், வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

வா. வந்து நீயே பேசிப் பார்.


ஜனவரி 6, 1957

அக்கா,

சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டேன் என்று உங்களுக்குக் கோபம் இருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறேன். கட்சி அலுவலகத்துக்கு இன்னும் போகவில்லை. போனால் அறிக்கையைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்பார்கள்.

அந்த நான்கு நாளும் அவள் எனக்குக் குறை வைக்கவில்லை. "வாங்க, உக்காருங்க, தண்ணி வேணுமா" என்று விருந்தாளியைக் கவனிப்பதுபோல் கவனித்தாள். நான் எதைப் பேசினாலும் கேட்டுக்கொண்டாள். அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னபோது, வேறு யார் வீட்டுக் கதையோ கேட்பதுபோல், "அப்படியா, பாவம்" என்றாள். அடுத்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், "வழி கேட்டு வந்தாங்க, வெயிலுக்கு உக்காந்திருக்காங்க" என்று முந்திக்கொண்டாள். அதனால்தான் கிளம்பினேன்.

உங்கள்மேல் ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்தப் பழக்கம் ஆபத்துக் காலத்துக்காகச் சொன்னது. தடை நீங்கியதும் ஏன் நிறுத்தவில்லை? எத்தனை வருடம் அந்தப் படத்தை அவள் முன் நீட்டினீர்கள்?

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். என்னைப் பேருந்தில் ஏற்றிவிட அவள் மட்டும் வந்தாள் அல்லவா? வழியெல்லாம் எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள், கூட வருபவள் என்று தெரியாத மாதிரி. நிறுத்தத்தில் கூட்டம். பேருந்து வந்ததும் என் பையைத் தூக்கிக் கொடுப்பதுபோல் கிட்டே வந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. இனிமேலும் சொல்ல மாட்டேன்."

அக்கா, அவளுக்கு என்னைத் தெரியும். எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது. நான்கு வயதிலிருந்து என்னை ஒளித்து வைத்திருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பாமல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஆட்களில் இருபது வருட அனுபவம் உள்ளவர்கள்கூட இவ்வளவு நன்றாகச் செய்ய மாட்டார்கள்.

அவளைக் கேட்டு வாங்கும் உரிமை எனக்கு இல்லை. உங்களிடமே இருக்கட்டும். நான் திரும்பவும் வெளிநாட்டு வேலைக்கே எழுதிப் போடப் போகிறேன். பதில் வேண்டாம்.


ஜனவரி 19, 1957

அம்மாடி,

பதில் வேண்டாமாம். உத்தரவு போட்டே பழகிய கை, மருந்துச் சீட்டு எழுதுகிற அதே கை. நான் எழுதுவேன், நீ படிக்கத்தான் வேண்டும்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டாய். தடை போனபோது, நிறுத்து என்று உன்னிடமிருந்து ஒரு வரி வரும் என்று முதலில் காத்திருந்தேன். உன் கடைசி வரி "பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்" என்று இருந்தது. அப்புறம் அந்த வரி வராமலே இருக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் என்னை அம்மா என்கிறாள், எனக்கு எதற்கு வம்பு? படத்தை அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதுமே காட்டுவதை விட்டுவிட்டேன். ஆனால் விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. தப்பில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது, கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அவள் சொன்னதைப் படித்ததும் காலர் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அவள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நேராகப் போய்க் கேட்டேன்.

"ஏன்டி, அவங்களைத் தெரியும்ல உனக்கு?"

தெருப் பக்கம் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்கம்மா."

"யாரும் இல்ல. யார் கேட்டாலும் ஒண்ணும் ஆகாது. தடை போயிடுச்சு."

"எப்ப?"

"அது ஆச்சு, அஞ்சு வருஷம் ஆகப்போகுது."

கையிலிருந்த ஈரத்துணியை அவள் கீழே போடவில்லை, காயப்போடவும் இல்லை. தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது. "அஞ்சு வருஷமா?" என்று கேட்டாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்புப் படம் எடுக்கிற நாளெல்லாம் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டது வலியே இல்லையாம். படம் இருந்தால் போலீஸ் கையில் போய்ச் சேரும் என்று பயமாம். சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வராதது கூச்சம் இல்லையாம். யாராவது வாயைக் கிளறிவிடுவார்களோ என்றுதானாம். தூக்கத்தில் உளறிவிடக் கூடாது என்று வாயில் போர்வையைத் திணித்துக்கொண்டு படுப்பாளாம். நான் ஒருத்தி, பக்கத்திலேயே படுத்திருந்தேன், பிள்ளைக்குக் குளிருகிறது என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்தை சொன்னா ஆறேழு பேர் மாட்டிக்குவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நான்தான் எல்லாரையும் காப்பாத்திட்டிருக்கேன்னு நெனச்சேன். முடிஞ்சுபோச்சுன்னு எங்கிட்ட மட்டும் ஏன் யாரும் சொல்லல?"

கட்சி ஒரு தீர்மானம் போட்டு வெளியே வந்துவிட்டது. நீ வெளியே வந்துவிட்டாய். எங்கள் மனுஷர்கூட இப்போது வெளியே வந்து வெயிலில் உட்காருகிறார். எல்லோருக்கும் சொல்லி அனுப்பிய நாம் அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டோம், அம்மாடி. நாலு வயதில் உள்ளே போன பிள்ளை பன்னிரண்டு வயது வரை தலைமறைவாகவே இருந்திருக்கிறாள், என் வீட்டில், என் கண்ணெதிரில். தலையில் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. கோபமாக இல்லை, எல்லா வேலையும் செய்கிறாள், சாப்பிடுகிறாள், பேசுகிறாள். கூப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "இங்க பாருங்க" என்கிறாள். நீ அவளை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். விட்டுக்கொடுக்க உன்னிடமும் ஒன்றும் இல்லை, வாங்கிக்கொள்ள என்னிடமும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் யாரை என்ன கூப்பிடுவது என்று அவள் இப்போதுதான் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறாள்.

நேற்று அவளாகவே வந்து கேட்டாள். "அவங்க திரும்ப வருவாங்களா?"

"வரச் சொன்னா வருவா. எதுக்கு?"

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு என்னை இங்க விட்டுட்டுப் போனப்ப அழுதாங்களான்னு."

உன் பதில் என்னவென்று எனக்கு எழுதாதே. அழுதிருந்தால் அழுதேன் என்று சொல், இல்லாவிட்டால் இல்லை என்று சொல். அவளுக்குச் சரியாக இருக்குமா என்று யோசித்து அழகுபடுத்தாதே. நம் இரண்டு பேரிடமும் அவள் போதுமான அளவுக்குப் பொய் கேட்டுவிட்டாள்.

வெளிநாட்டுக்கு எழுதிப் போடுவதை நிறுத்திவிட்டுப் புறப்பட்டு வா. முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டு அம்மாவிடம் நானே போய், அன்றைக்கு வந்தது இவளைப் பெற்றவள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தது, பார்க்கட்டும். வந்தால் உன்னை அவள் என்னவென்று கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. என்னை என்னவென்று கூப்பிடுவாள் என்றும் தெரியாது. ஒன்றுமே கூப்பிடாமல் போனாலும் போவாள். எனக்கு இங்கே தனியாக உட்கார்ந்து காத்திருக்கப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் வந்துவிடு.